பூட்டியின் பிஸ்கட் டின்: குடியுரிமைச் சட்டத்தைத் தேடிப் படிப்பது எப்படி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராதனையில் படிக்கும் என் அண்ணன் மகள் போன் எடுத்தாள். ஒரு நாடு பிளவுபட்ட பிறகு குடியுரிமை இல்லாமல் போகும் மக்களைப் பற்றித்தான் இறுதி ஆண்டு ஆய்வாம். "அத்தை, எதுல இருந்து தொடங்குறது? யூகோஸ்லாவியாவா, சோவியத்தா, சூடானா? வாசிச்சு முடியல, எல்லாம் ஒன்னுபோலவே இருக்கு" என்றாள். "உன் பூட்டியோட பிஸ்கட் டின் என்கிட்டதான் இருக்கு. நம்ம வீட்டுப் பழைய தாள் எல்லாம் அதுலதான். அதுல இருந்து தொடங்கு" என்றேன்.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவள் நான். சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை. அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்து அலைந்துதான் சட்டத்தை வாசிக்கப் பழகினேன்.

முதலில் ஓர் ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள். "நாடற்றவர்கள்" என்று மொத்தமாகத் தேடினால் அறிக்கைகளும் இலட்சக் கணக்கான எண்ணிக்கைகளும் வந்து குவியும். சட்டம் மனிதரை மொத்தமாகப் பார்ப்பதில்லை. ஒருவர் எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார், அவருடைய அப்பா எங்கே பிறந்தார், அப்பாவின் அப்பா எங்கே பிறந்தார், சட்டம் அமலுக்கு வந்த அன்று இவர் எந்த மண்ணில் இருந்தார் என்றுதான் கேட்கும். இந்த விவரங்களை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆள் உங்கள் வீட்டைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை, ஆனால் இருந்தால் நல்லது. தெரியாத விவரத்தைத் தேடும்போது மனம் சலிக்காது.

நான் எடுத்துக்கொண்டது என் தாத்தாவை. 1908 இல் டிக்கோயாவில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய அப்பா தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். என் அப்பாவும் அதே தோட்டத்தில்தான் பிறந்தார், 1934 இல்.

அடுத்து, சட்டத்தில் நாளைத் தேடுங்கள். எந்த நாடு பிரிந்தாலும், புது நாடு பிறந்தாலும், குடியுரிமைச் சட்டத்தில் ஒரு நாள் இருக்கும். அந்த நாளில் கோடு கிழித்து, அதற்கு முன் பிறந்தவர் இப்படி, பின் பிறந்தவர் அப்படி என்று பிரிப்பார்கள். செக்கோஸ்லோவாக்கியா பிரிந்ததில் அது 1993 ஜனவரி 1. தென்சூடானுக்கு 2011 ஜூலை 9. நம் இலங்கைக்கு 1948 நவம்பர் 15. சுதந்திரம் கிடைத்தது பெப்ரவரி 4 இல் என்றாலும், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது நவம்பரில்தான். அதிலிருந்து 25 ஆவது நாள், டிசம்பர் 10 ஆம் திகதி, ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்துக்கு, அதாவது ஒரு நாட்டின் குடியுரிமைக்கு, உரிமை உண்டு என்ற 15 ஆவது உறுப்புரையோடு உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு திகதிகளையும் என் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நாள் கிடைத்ததும் உங்கள் ஆளைச் சட்டத்தின் வாசகத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். நம் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, அந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்கு இரண்டு வழி வைத்தது. ஒன்று, அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது, அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். திருமணத்துக்குள் பிறந்தவரிடம், தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரும் என்ற திருத்தம் 2003 இல்தான் வந்தது.

இப்போது தாத்தாவை நிறுத்துகிறேன். அவர் இங்கே பிறந்தவர், ஆனால் அவருடைய அப்பா துறையூரில் பிறந்தவர். முதல் வழி அடைபட்டது. இரண்டாவது வழியும் இல்லை. ஆகவே அவர் பிரஜை இல்லை. என் அப்பாவை நிறுத்துகிறேன். அவருடைய அப்பா, அதாவது தாத்தா, டிக்கோயாவில் பிறந்தவர். முதல் வழி திறந்திருக்கிறது. ஆகவே அப்பா 1948 நவம்பர் 15 அன்றே இலங்கைப் பிரஜை.

இதை முதன்முதலில் கொப்பியில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பா தன் வாழ்நாளில் நாற்பத்தைந்து வயது வரை நாடற்றவர் என்றே எழுதப்பட்டவர்.

எங்கே பிழைத்தது? வாசகத்தை அடுத்து நீங்கள் தேடவேண்டியது அதைத்தான். சட்டம் "பிறந்தவர்" என்று சொல்லும். கந்தோரில் இருப்பவர் "பிறந்ததற்கு என்ன சான்று" என்று கேட்பார். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் எங்களிடம் இல்லை. 1908 இல் லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எடுத்து வைக்கவேண்டும் என்று யார் நினைத்திருப்பார்கள்? அப்போது எல்லோரும் பிரித்தானியப் பேரரசின் பிரஜைகள். துறையூரிலிருந்து டிக்கோயாவுக்கு வருவது ஒரே முடியின் கீழ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வருவதுதான். பேரரசு பிரிந்த பிறகு முன்னே பிறந்தவர்களிடம் சான்று கேட்டார்கள். ஆகவே எந்த நாட்டின் சட்டத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: யார் தானாகவே பிரஜை, யார் விண்ணப்பித்தால் பிரஜை, எந்தத் தாளைக் காட்டவேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் முதலிரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. என் அனுபவத்தில் மனிதர்கள் நாடு இழப்பது மூன்றாவதில்தான்.

செக் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியா கூட்டாட்சியானபோது ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் செக் அல்லது ஸ்லோவாக் என்று ஒரு குடியுரிமை எழுதினார்கள். ஒரே நாடாக இருந்தவரை அன்றாட வாழ்க்கையில் யாரும் அதைக் கேட்கவில்லை. 1993 இல் பிரிந்ததும், செக் பகுதியிலேயே வாழ்ந்துவந்த ரோமா மக்கள் பலர் ஏட்டில் ஸ்லோவாக் என்றிருந்தார்கள். செக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அவர்கள் ஐந்து வருடம் குற்றப் பதிவு இல்லாதவர்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் வைத்தது. பிறந்த ஊரிலேயே இருந்தவர்கள் அந்நியர்களாகிப் போனார்கள்.

விண்ணப்பக் காலத்தையும் கூர்ந்து பாருங்கள். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், பதிவு மூலம் பிரஜையாக, இந்தியாவிலிருந்து வந்த நம் தோட்ட மக்களுக்கு இரண்டு வருடம் கொடுத்தது. கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. திருமணமானவர் 1946 ஜனவரி 1 க்கு முந்திய 7 வருடமும், ஆகாதவர் முந்திய 10 வருடமும் இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்தத் தொடர் அறுந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

தாத்தாவின் தொடர் அறுந்தது இங்கேதான். 1939 இல் அவருடைய அப்பாவுக்கு முடியாமல் போய், பார்க்க ஊருக்குப் போனார். அந்த ஓகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. திரும்பி வந்து தோட்டத்தில் மறுபடி பேர் பதிய 14 மாதம் ஆனது. பன்னிரண்டு மாதக் கணக்கு என்று ஒன்று பின்னால் வரும் என்று தெரிந்தா போனார்? டின்னில் இருக்கும் நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டே வரிதான். இடைவிடாத வதிவு நிரூபிக்கப்படவில்லை என்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பித்து, சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. இந்தக் கணக்கை எல்லாப் புத்தகத்திலும் பார்ப்பீர்கள். அந்தச் சட்டத்தின் பன்னிரண்டு மாத வரியைச் சேர்த்து வாசித்தால்தான் மற்றவர்களை எந்த வலையில் வடித்தார்கள் என்று விளங்கும்.

ஸ்லோவேனியாவைப் படிக்கும்போதும் இதே இடத்தில் நில்லுங்கள். 1991 ஜூன் 25 இல் யூகோஸ்லாவியாவிலிருந்து விலகியது. மற்றக் குடியரசுகளைச் சேர்ந்த, ஆனால் அங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது. விண்ணப்பிக்காதவர்களையும் நிராகரிக்கப்பட்டவர்களையும் 1992 பெப்ரவரி 26 அன்று நிரந்தர வதிவாளர் இடாப்பிலிருந்து, அதாவது பதிவேட்டிலிருந்து, நீக்கிவிட்டார்கள். 25,671 பேர். யாருக்கும் கடிதம் போகவில்லை. வேறு ஏதோ அலுவலுக்கு கந்தோருக்குப் போனபோது, கையிலிருந்த அட்டையை வாங்கி ஓட்டை போட்டபோதுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. அவர்களை "அழிக்கப்பட்டவர்கள்" என்றே அந்த நாட்டில் சொல்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரிய ஆயம் 2012 ஜூன் 26 இல் குரிச் வழக்கில் இவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. அண்ணன் மகளிடம் நான் முதலில் வாசிக்கச் சொன்ன தீர்ப்பு அதுதான். மனுதாரர் ஒவ்வொருவரின் கதையும் முன்பகுதியில் தனித்தனியாக இருக்கிறது. வேலை போனது, வைத்திய வசதி போனது, எல்லையில் திருப்பி அனுப்பியது எல்லாம் திகதியோடு இருக்கும். தீர்ப்புகளை வாசிக்கும்போது சட்ட விவாதத்துக்குப் பாயாதீர்கள். முதலில் இந்த முன்பகுதியை வாசித்து, எந்தத் தாள் எந்த மேசையில் மறுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விவாதம் தானாக விளங்கும்.

நம் பக்கத்தில் அதற்கு ஈடாக வாசிக்கவேண்டியது கோடகன்பிள்ளை வழக்கு. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்க மறுத்ததிலிருந்து தொடங்கி, 1953 இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. ஒரு சமூகத்தினருக்கு மட்டும் தகுதிக்குறைவு ஏற்படுத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்ற, அன்றைய இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவை வைத்து வாதாடினார்கள். பிரஜாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தன் நாட்டின் பிரஜைகள் யார் என்று வகுப்பது பாராளுமன்றத்தின் இயல்பான வேலை, ஆகவே சட்டம் செல்லும் என்று கவுன்சில் சொன்னது. இந்தியத் தமிழர் போவதும் வருவதுமாக இருக்கும் பழக்கமுடையவர்கள் என்பதையும் பொருத்தமான விஷயமாக எடுத்துக்கொண்டது. அந்த இடத்தை வாசித்தபோது, சாகக் கிடந்த அப்பாவைப் பார்க்கப் போன தாத்தாவின் 14 மாதம் எனக்கு நினைவு வந்தது. சட்டத்தில் ஒரு இனத்தின் பெயர் இல்லை என்றால் அது அந்த இனத்தைத் தொடவில்லை என்று அர்த்தமாகாது. அது யார்மேல் விழுந்தது என்று பார்க்க 1947 தேர்தலையும் 1952 தேர்தலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்ததில் ஒருவரும் இல்லை.

இன்னொரு விஷயம், மறுபக்கத்துச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். நாடற்ற நிலை எப்போதும் இரண்டு கதவும் மூடியிருந்தால்தான் வரும். மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கொழும்பின் கதவை மட்டும் பார்த்துவிட்டு, "இந்தியர்கள்தானே, இந்தியா எடுத்திருக்கலாமே" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கிறார்கள். இந்திய அரசியலமைப்பின் 8 ஆவது உறுப்புரையைத் திறந்து வாசியுங்கள். தாய் தந்தையோ அவர்களைப் பெற்றவர்களோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்துப் பதிந்தால் இந்தியக் குடியாகலாம் என்கிறது. அதாவது பதிந்தால்தான். தானாக வராது. டிக்கோயாவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் போய் நான் இந்தியன் என்று எழுதிக் கொடுக்காதவரை அங்கேயும் பிரஜை இல்லை. எழுதிக் கொடுத்தால் இங்கே இருக்க முடியாது.

சூடான் பிரிந்தபோது கதவுகள் வேறு விதமாக வேலை செய்தன. தென்சூடானின் சட்டம் பெற்றவர், பாட்டன், பாட்டி, அவர்களைப் பெற்றவர் என்று மேலே போய், யாராவது ஒருவர் தெற்கில் பிறந்திருந்தால் போதும் என்று கையை அகல விரித்தது. வடக்கில் சூடான் தன் சட்டத்தைத் திருத்தி, தென்சூடான் குடியுரிமை பெற்றவர் எவரும், சட்டப்படியோ நடைமுறையிலோ, தானாகவே சூடான் குடியுரிமையை இழப்பார் என்றது. தெற்கு அகல விரித்த கையையே காரணமாக வைத்து வடக்கு கதவைச் சாத்த முடிந்தது. கார்ட்டூமில் பிறந்து, ஜூபாவைக் கண்ணால் பார்க்காத ஒருவர், விண்ணப்பம் எதுவும் எழுதாமலே ஒரு நாட்டை இழந்து, இன்னொரு நாட்டின் தாள் கையில் இல்லாமல் நிற்கலாம். ஒரு சட்டத்தை மட்டும் வாசித்தால் இது பிடிபடாது.

சட்டத்தை அந்தந்த நாளில் இருந்தபடி வாசிப்பதும் முக்கியம். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் எல்லாத் திருத்தமும் சேர்த்த பிரதி. ஒரே ஒரு சொல் மாறியதில் ஒரு வீடே பிரியும், எங்கள் வீடு பிரிந்தது அப்படித்தான். 1964 ஒக்டோபர் 30 இல், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் செய்த ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்தார்கள். யாரிடமும் கேட்காமல் எண்ணிக்கையை முடிவுசெய்து, அதற்குப் பிறகு விண்ணப்பம் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தில், 7 பேருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தால் இங்கே 4 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வைத்தார்கள். 1971 திருத்தத்தில் "கிடைத்தால்" என்பது போய், அந்த 7 பேரும் கப்பலேறிப் போனால்தான் 4 பேருக்கு என்றானது.

அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார், சித்தப்பா இந்தியாவுக்கு. சித்தப்பா 1973 இல் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறினார். தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்ததால் அதை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சனம் சொல்லும். எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா தலையில் கம்பளி போட்டிருந்தார், கையில் அம்மிக்குழவி வைத்திருந்தார். அதை ஏன் தூக்கிப் போனார் என்று இன்றும் தெரியாது. 1979 இல் அப்பாவுக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தது. தம்பி போன கணக்கில்தான் தனக்கு வந்தது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் திருத்தத்தை வாசிக்கும்வரை அதை நான் வயதானவரின் மனவருத்தம் என்றுதான் நினைத்தேன்.

இனித் தாள் தேடுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெயர்தான் முதல் தடை. எங்கள் டின்னில் தாத்தா பெயர் மூன்று விதமாக இருக்கிறது. செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) பிரதியில் முத்தன், விண்ணப்பத்தில் முத்துச்சாமி, பற்றுச்சீட்டில் முத்துசாமி வேலன். கிளாக்கரின் காதில் விழுந்தது ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்குப் போய், திரும்பித் தமிழுக்கு வரும்போது வேறு ஆளாகிவிடும். ஆகவே தேடப்போகுமுன், எழுதக்கூடிய எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கும் அப்படித்தான். புத்தகத்தில் ஆங்கிலப் பெயர், சனத்தின் வாயில் பழைய கங்காணியின் பெயரிலோ ஆற்றின் பெயரிலோ ஒரு தமிழ்ப் பெயர். கிழவிகளிடம் தமிழ்ப் பெயரைக் கேளுங்கள், பதிவுகளில் ஆங்கிலப் பெயரைத் தேடுங்கள். இரண்டையும் இணைக்க அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பழைய கணக்கப்பிள்ளை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது என்பதையும் மறக்கவேண்டாம். முகவரி தண்ணீருக்குள் இருக்கிறது என்பதற்காகப் பிறப்புப் பதிவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பிறப்புப் பதிவைப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். திகதி தெரியாவிட்டால் வருட இடைவெளி ஒன்றைக் கொடுங்கள். பிறந்தவரின் பெயரை மட்டும் நம்பாமல், அப்பாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். முதல் தடவை ஒரு கந்தோரில், "அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களுக்குப் பதிவு இருக்காது டீச்சர்" என்று புத்தகத்தைத் திறக்காமலே அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கவேண்டும் என்று அன்று படித்தேன். பதிவு இல்லை என்று அவர்கள் எழுதித் தரும் கடிதமும் ஒரு ஆவணம்தான். உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கவும், காலங்கடந்து பிறப்பைப் பதியவும் அது தேவைப்படும்.

பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் பாடசாலைச் சேர்வு இடாப்பு, தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு, வாக்காளர் இடாப்பு, தோட்டத்து வைத்திய ரிக்கோட் என்று சுற்றுங்கள். தோட்டத்து ஏடுகள் பல கை மாறியவை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992 இல் கம்பனிகளின் கைக்கு வந்தன. ஒவ்வொரு கைமாறலிலும் கொஞ்சம் எரிந்தது, கொஞ்சம் ஸ்டோரில் கிடந்து செல்லரித்தது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு செக்ரோல் கிடைத்தது, பழைய தராசுக்கு அடியில் உயரத்துக்காக வைத்திருந்த கட்டிலிருந்து.

கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வர்த்தமானிகளையும், பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டையும் பார்க்கலாம். சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் விண்ணப்பப் படிவத்தின் மாதிரியும் வர்த்தமானியில்தான் இருக்கும். படிவத்தை ஒருபோதும் தவறவிடாதீர்கள். எத்தனை கூடு நிரப்பவேண்டும், எந்த மொழியில், யார் அத்தாட்சிப்படுத்தவேண்டும் என்று பார்த்தால், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கும் ஒரு தொழிலாளிக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

அரசு நிறுவனங்களிடம் இருப்பதைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். ஆனால் அந்த உரிமை பிரஜைகளுக்கானது. பிரஜாவுரிமை பற்றிய தன் பைலைக் கேட்க, பிரஜை என்று ஏற்கப்படாதவருக்கு அந்த வழி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக நான் என் பெயரில் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். அவர்களுடைய சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது "நீங்க நாடற்றவரா இருந்தீங்களா" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல் சனத்தின் சொல்லே இல்லை. "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர்கள் அவர்கள், அந்தக் காயத்தில் கை வைத்துப் பேச்சைத் தொடங்கக்கூடாது. "யாரெல்லாம் கோச்சியேறினாங்க", "பாஸ்போட் எடுத்துட்டுப் போகாம நின்னவங்க இருக்காங்களா" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நிறையப் பேர் ஆமென்பார்கள். 1984 இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட்டோடு லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஏட்டில் இந்தியர், பிரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்) இலங்கைத் தொழிலாளி. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை தரும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

மகள் இன்னொன்றும் கேட்டாள்: "அத்தை, உங்க அப்பா சட்டப்படி பிரஜைன்னா, அவரை நாடற்றவர்னு எழுதலாமா?" நல்ல கேள்வி. நாடற்றவர்களின் நிலை பற்றிய 1954 ஆம் ஆண்டு சர்வதேசச் சமவாயத்தின் முதல் உறுப்புரை, எந்த அரசும் தன் சட்டத்தின் செயற்பாட்டில் தன் பிரஜையாகக் கருதாதவரே நாடற்றவர் என்கிறது. "செயற்பாட்டில்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, அதிகாரிகள் அவரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் அது கேட்கிறது. அப்பாவை எந்த மேசையிலும் பிரஜையாக நடத்தவில்லை. ஆகவே எழுதலாம் என்று சொன்னேன். இலங்கையும் இந்தியாவும் இந்தச் சமவாயத்தில் சேரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொன்னேன். நாடுகள் பிரியும்போது அந்த மண்ணில் வழமையாக வாழ்ந்தவர் புது நாட்டின் குடியென்று கொள்ளப்படவேண்டும் என்று, சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 1999 இல் வகுத்த உறுப்புரைகள் சொல்கின்றன. அதை வைத்து டிக்கோயாவைப் பார்த்தால் ஆய்வின் கடைசி அத்தியாயம் தயார்.

கையிலுள்ள தாள்களைக் காப்பாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. லாமினேட் செய்யாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் எங்கள் குளிரில் மையைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மூலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோக்கொப்பி போதும். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஆய்வில் போடவேண்டாம்.

தாத்தாவின் பிறப்புப் பதிவு 2006 இல் கிடைத்தது. முத்தன் என்ற பெயரில், வேலன் மகன் என்று, தோட்டத்தின் ஆங்கிலப் பெயருக்குக் கீழே. அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. சான்றிதழ்ப் பிரதியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அதை நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். இப்போது அது டின்னில், நிராகரிப்புக் கடிதத்துக்கு மேலே இருக்கிறது. சித்திரைப் புதுவருட லீவில் மகள் வருகிறாள். எல்லாவற்றையும் படம் எடுத்து, கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் அனுப்பவேண்டும். அவர்களிடமும் இதேபோல ஒரு டின் இருக்கிறதாம்.